மணிமணியாய் விளையும் வைரத்தில் மீகடத்தல்

சூக் நகரிலிருந்து சூரிச் செல்லும் ரயில், மலைகளைக் குடைந்த சுரங்கங்களைக் கடந்து சூரிச் ஏரிக்கரையை எட்டும் இடத்துக்குச் சமீபத்தில் ருஷ்லிக்கோன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1986-ல் அங்குள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பெட்னோர்ட்ஸும் மியூல்லரும் லாந்தனம், பேரியம், தாமிரம் ஆகியவற்றின் ஆக்ஸைடு ஒன்றைக் குளிர்வித்து, சுமார் 30 கெல்வின் உஷ்ணநிலையில் அதன் மின்தடை ஆயிரத்தில் ஒரு பங்குவரை சரியக் கண்டும், மீகடத்தல், அதாவது மின்தடை முற்றும் அற்ற நிலை, இருக்கக்கூடும் என்ற அளவிலேயே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். அவர்கள் கையிலிருந்தது மூன்று ரசாயன நிலைகள் கலந்த மணித்திரள், அதாவது சிறு படிகமணிகளின் தொகுதி. அதன் தடை சரிவதற்கு முன் சற்றே ஏறியது. செலுத்தும் மின்னோட்டத்தைக் கூட்டினால் சரிவு தொடங்கும் உஷ்ணநிலையே தாழ்ந்தது. காந்தப் பரிசோதனையையும் சக ஆராய்ச்சியாளர் தகாஷிகேயோடு சேர்ந்து செய்து முடித்த பின்னரே ஐயம் நீங்கிற்று. இவ்வாறே மணித்திரளாய் விளைந்து மீகடத்தும் போரான் கலந்த வைரப் படலங்களை எடைபோடுவதற்கும் இந்த நிதானமே தக்க அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

2004-ல் ரஷ்யாவின் த்ரோயிட்ஸ்க்கில் எகிமோவ் குழுவினர், மிகுந்த அழுத்தத்தில் போரானைப் புகுத்திய வைரம் சுமார் 4 கெல்வினில் மீகடத்தியாகிறது என்று காட்டினர். அதே ஆண்டில் ஜப்பானில் தகானோ குழுவினர், மீத்தேன் முதலிய வாயுக்களிலிருந்து படியச் செய்த படலத்தில் 7 கெல்வினுக்கு மேலேயே சரிவு தொடங்கக் கண்டனர். அதுமுதல் வாயுப் படிவு முறையே பெருவழக்காயிற்று; சென்னை ஐ.ஐ.டி.யில் ராமச்சந்திர ராவ் குழுவினரும் இத்தகைய படலங்களை வளர்த்து ராமன் நிறமாலையால் ஆராய்ந்திருக்கிறார்கள். 400 கார்பன் அணுக்களுக்கு ஒரு போரான் என்ற அளவு புகுந்தாலே மின்கடத்தாப் பொருளான வைரம் உலோகத்தின் இயல்பை அடைந்துவிடுகிறது. பெரிய ஒற்றைப் படிகம் அபூர்வம். மணித்திரளாய் விளையும் படலமோ சிலிக்கன் தகட்டின்மேல் எளிதில் பரவுகிறது. இம்முறையின் முதல் நன்மை இதுவே.

ஆனால் மணியாய் விளைவதிலேயே இடர்ப்பாடும் தொடங்குகிறது. படிகத்தின் எல்லா முகங்களும் போரானை ஒரே அளவில் ஏற்பதில்லையாதலால், அடுத்தடுத்த இரு மணிகளிலேயே அதன் செறிவு வேறுபடுகிறது. மணிகளின் எல்லைகளிலோ வைரமல்லாத கார்பன் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் மீகடத்தலுக்கு அடிப்படையான எலெக்ட்ரான் ஜோடிகள் அமைந்துவிட்ட போதிலும், கண்மாய்கள் நிறைந்திருந்தும் இடையேயுள்ள வாய்க்கால்கள் தூர்ந்துகிடந்தால் கடைமடைக்கு நீர் எட்டாததுபோல, எல்லைகளைத் தாண்டி ஜோடிகள் ஒத்திசையும்வரை படலம் முழுவதும் மீகடத்தியாவதில்லை. இதற்கு மாறாக, ஒரே ஒரு மெல்லிய பாதை இணைந்துவிட்டாலும் தடைமானி சூன்யத்தைக் காட்டிவிடும்; எஞ்சிய பெரும்பகுதி சாதாரணக் கடத்தியாகவே இருக்கலாம். ஆகவே தடைச்சரிவு தொடங்கும் உஷ்ணநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'இப்படலத்தின் மாறுநிலை வெப்பம் இது' என்று ஒற்றை எண்ணாய்ச் சொல்லும் வழக்கம், அநுமானத்தையே பிரத்தியட்சமாகக் கொள்வதாகும். தடை சூன்யமாகும் உஷ்ணநிலை, காந்த விலக்கம், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த விளைவு, இயலுமானால் வெப்பக்கொள்ளளவு ஆகியவற்றையும் உடன் தராத கட்டுரையை நான் பாதிக் கட்டுரை என்றே கருதுகிறேன்.

இத்தனையும் சொன்னாலும், மணித்திரளைக் குறையென்று மட்டும் ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தடை சரியுமுன் திடீரென்று உச்சத்துக்கு ஏறும் விசித்திரத்தை இப்படலங்களிலும் கண்டிருக்கிறார்கள். ஜோடிகள் அமைந்தும் நகரமாட்டாமல் தத்தம் மணிகளுக்குள் சிறைப்பட்டிருப்பதே காரணம் என்பது ஒரு விளக்கம். கசடில்லாத ஒற்றைப் படிகத்தில் இந்தப் பிரச்சினை எழுந்தே இராது. 2011-ல் கிரெனோபிளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் நுண்மணி வைரப் படலத்திலேயே ஸ்குவிட் என்னும் நுண்ணிய காந்த அளவியை வனைந்து, 4 டெஸ்லா புலம்வரை அது இயங்கக் கண்டனர். அதற்கும் திரவ ஹீலியத்தின் குளிர்ச்சி தேவை என்பதால், கடும் காந்தப்புலத்துக்குள் அளக்கவேண்டிய அபூர்வ வேலைகளுக்கன்றி அது பொதுவழக்கில் பரவும் என்று எனக்குத் தோன்றவில்லை.