கிருபையும் மூன்றாம் மனிதனும்

கிறிஸ்தவ சமயம் உலகத்துக்கு அளித்த உபதேசங்களுள், மனிதனுடைய அகந்தைக்கு மிகக் கசப்பானதும் அவனுடைய துயரத்துக்கு மிக இனிப்பானதும் கிருபை என்னும் உபதேசமே. மனிதன் தகுதி அடையும்வரை கடவுள் காத்திருப்பதில்லை, குறையோடும் கறையோடும் நிற்கும்போதே அவனை ஏற்றுக்கொள்கிறார், அந்த ஏற்புக்கு அவன் கொடுக்கவேண்டிய விலையும் ஒன்றுமில்லை என்பதே அதன் சாரம். இதைப் போற்றுகிறவர்கள் பாவிக்குக் கிடைத்த ஆறுதலைப் பாடுகிறார்கள்; பழிக்கிறவர்கள், இது குற்றவாளிக்குப் புகலிடமாகி ஒழுக்கத்தின் வேரையே அறுத்துவிடும் என்கிறார்கள். இரு சாராரும் பெரும்பாலும் கொள்கை அளவிலேயே வாதிடுகிறார்கள். ஒரு கொள்கையின் குணதோஷங்களை நிறுத்துப் பார்க்க விரும்புகிறவன், அது மனிதர்களுடைய வாழ்வில் புகுந்து என்ன செய்தது என்பதை ஆராயவேண்டும். அவ்வாராய்ச்சிக்கு, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஓல்னி என்னும் சிற்றூரில் அருகருகே வாழ்ந்த ஜான் நியூட்டன், வில்லியம் கூப்பர் ஆகிய இருவரின் சரித்திரத்தைவிடப் பொருத்தமானதொன்றை நான் அறியேன்.

நியூட்டன் 1725-இல் லண்டனில் பிறந்தவர். கடற்படையில் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டு, தப்பியோடிப் பிடிபட்டுச் சாட்டையடி பட்டு, பின்பு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரி ஒருவனிடம் பட்டினியும் நோயுமாய்ச் சீரழிந்து, தெய்வ நிந்தனையில் மாலுமிகளையே திடுக்கிடச் செய்த அவர், 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் கப்பல் புயலில் சிக்கி நீர் புகுந்த வேளையில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார்; அந்த நாளை ஆயுள் முழுவதும் நன்றியோடு அநுசரித்தார். 1764-இல் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகி, லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஓல்னிக்கு வந்து சேர்ந்தார். 1773 புத்தாண்டு தின ஆராதனைக்கென அந்த எளிய ஜனங்களுக்காக அவர் இயற்றிய பாடலே பிற்காலத்தில் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பெயரால் உலகெங்கும் பரவியது.

கிருபை உபதேசத்தின் முதற்சிறப்பு, அது மனிதனுக்கு உண்மை பேசும் தைரியத்தைத் தருவது. தன் நற்பெயரைக் கொண்டே கடவுளிடத்திலும் சமூகத்திலும் இடம் பெறவேண்டியவன் தன் பழைய வாழ்வை மூடி மறைத்தே தீரவேண்டும். ஏற்கெனவே ஏற்கப்பட்டவன் என்று நம்புகிறவனுக்கோ அந்த அவசியம் இல்லை. குருவாகப் பதவியேற்ற அதே ஆண்டில் நியூட்டன் தம் இழிந்த இளமையை விவரிக்கும் சுயசரிதையை வெளியிட்டார். தங்களைப் போலவே விழுந்து எழுந்த ஒருவர் பிரசங்க பீடத்தில் நிற்பதைக் கண்ட மக்கள், தங்கள் துன்பத்தையும் தோல்வியையும் அவரிடம் கூச்சமின்றிச் சொல்ல முன்வந்தார்கள்.

இரண்டாவது சிறப்பு, பலனை எதிர்பாராத பொறுமை. கவிஞர் கூப்பர் மென்மையே வடிவானவர். ஆயினும் 1763-இல் சித்தம் கலங்கித் தற்கொலைக்கு முயன்று, மனநோய் விடுதியில் தங்கித் தேறியவர். 1767-இல் ஓல்னிக்கு வந்து நியூட்டனோடு சேர்ந்து பாடல்கள் எழுதினார். 1779-இல் வெளியான அவர்களுடைய தொகுப்பிலுள்ள 348 பாடல்களில் 60-க்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. 1773-இன் தொடக்கத்தில் அந்த நோய் மீண்டும் அவரைப் பற்றியபோது, நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேலாக வைத்துக் காப்பாற்றினார். தேறுவார் என்ற அடையாளம் எதுவும் இல்லாத காலத்திலும், குடும்பத்தின் அமைதி குலைந்த காலத்திலும், அவரைப் பாரமென்று தள்ளாமலிருக்க ஒருவரால் முடிந்ததென்றால், தகுதி பார்த்து அன்பு செய்யும் எந்த ஒழுக்க நூலும் அதைக் கற்பித்திருக்க முடியாது. தகுதியின்றித் தாமே ஏற்கப்பட்டவர் என்ற நினைவே கற்பித்தது.

இவ்வளவு சிறப்புக்கும் எதிரே, தராசின் மறு தட்டில் வைக்கவேண்டிய ஓர் உண்மை இருக்கிறது; அதன் கனம் சிறிதன்று. புயலில் மனந்திரும்பிய நியூட்டன் அடிமை வியாபாரத்தை விட்டுவிடவில்லை. மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்றார். கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யச் சதி நடந்ததென்று சந்தேகித்து, சிறுவர்களை விரல் நசுக்கும் திருகில் இட்டு விசாரித்ததை அவருடைய நாட்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. 1754-இல் அவர் கடலை விட்டது மனச்சாட்சி உறுத்தியதால் அன்று; திடீரென்று வந்த ஒரு நோயினால். அதன் பின்பும் 34 ஆண்டுகள் சென்ற பிறகே, 1788-இல்தான், அவ்வியாபாரத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார்.

அவர் கபடமற்ற மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே இந்தச் சரித்திரம் நம்மைக் கலங்கச் செய்கிறது. குறை அவருடைய நேர்மையில் இல்லை. கிருபையைப் பற்றிச் சொல்லப்பட்ட கதையின் அமைப்பில் இருக்கிறது. அக்கதையில் இரண்டே பாத்திரங்கள்: மன்னிக்கும் கடவுள், மன்னிப்புப் பெறும் பாவி. பாவத்தினால் அடிபட்டவன் என்னும் மூன்றாம் மனிதனுக்கு அங்கே இடமில்லை. நியூட்டன் தம் சுயசரிதையில் நிந்தனைக்காகவும் விபசாரத்துக்காகவும் துக்கப்படுகிறார். கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்காக அப்படித் துக்கப்படவில்லை. கடவுளோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி, மனிதனுக்குப் பட்ட கடனைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்துவிட்டது. இன்றும் எத்தனையோ சபைகளில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்லும்போது, அவர் குடித்ததையும் அடித்ததையும் ஏமாற்றியதையும் கேட்டு, அவர் மீட்கப்பட்டதற்காக ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். அடிபட்ட மனைவியும் ஏமாந்த பங்காளியும் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், அவர்களும் உடனே மன்னித்தாக வேண்டும் என்று உபதேசிப்பதற்காகவே கேட்கிறோம்.

இரண்டாவது குறையைக் கூப்பரின் வாழ்வு காட்டுகிறது. 1773-க்குப் பிறகு அவர், கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார்; 1800-இல் இறக்கும்வரை அந்த எண்ணம் அவரை விடவில்லை; கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அவருடைய நோய்க்கு நியூட்டனுடைய உபதேசமே காரணம் என்று சிலர் பழித்தது அநியாயம். ஓல்னிக்கு வருமுன்பே நோய் இருந்தது. ஆனால், கடவுள் தாமே சிலரைத் தெரிந்துகொள்கிறார் என்ற, சமயச் சீர்திருத்தவாதி கல்வினுடைய சித்தாந்தமும், ஏற்கப்பட்டதை உள்ளத்தில் உணரவேண்டும் என்ற அக்காலப் பக்தி நெறியும் சேர்ந்தபோது, உணர்ச்சி வராதவனுக்குத் தன்னைத் தள்ளப்பட்டவனென்று முடிவு செய்ய வழி திறந்தது. வாயிலில் எந்த நிபந்தனையும் இல்லை என்று அறிவித்துவிட்டு, நிம்மதியின் உணர்வையே மறைமுகமான நிபந்தனையாக்கிவிடுவது பெருங்கொடுமை. பிறரைச் சங்கிலியில் பூட்டியவர் நிம்மதியாக உறங்கினார். முயல்களை வளர்த்து அவற்றிடம் அன்பு பாராட்டிய சாது, தமக்கு மீட்பில்லை என்று நடுங்கினார். உணர்ச்சி கிருபைக்குச் சாட்சியாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால் கிருபைக்கு நிபந்தனைகள் விதித்துவிட்டால் இக்குறைகள் நீங்குமா? நீங்கா என்பதே என் திடமான அபிப்பிராயம். 1748-இல் ஒரு சபை நியூட்டனுக்கு என்ன நிபந்தனைகளை விதித்திருக்கும்? சபிக்காதே, குடிக்காதே, ஓய்வுநாளைக் கைக்கொள், வேதத்தை வாசி என்றே விதித்திருக்கும். அவை எல்லாவற்றையும் அவர் நிறைவேற்றினார். அடிமை வியாபாரம் அன்று கௌரவமான தொழில். லிவர்ப்பூலின் கனவான்கள் அதில் முதல் போட்டிருந்தார்கள். அதை விடவேண்டும் என்று கேட்க ஒருவர்கூடத் துணிந்திருக்கமாட்டார். நிபந்தனைகளை வகுப்பது எப்போதும் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களே ஆகையால், அவை எளியவனுடைய குறைகளைப் பிடிக்கும். சமூகமே கூடிச் செய்யும் பாவத்தைத் தப்பவிட்டுவிடும். மேலும், நிபந்தனையை நிறைவேற்றியவன் தன்னை நீதிமானென்று எண்ணிக்கொள்வதால், பின்பு ஒருநாள் தன் பெருங்குற்றத்தைக் காணும் ஆற்றலையும் இழந்துவிடுவான்.

நியூட்டன் அந்த ஆற்றலை இழக்கவில்லை என்பதே இந்த வழக்கில் கிருபையின் பட்சத்துக்குக் கிடைக்கும் வலுவான ஆதாரம். அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் இயக்கம் எழுந்தபோது, அதில் பழகியவர்கள் பலர் அதை ஆதரித்தே பேசினார்கள். பேசாவிட்டால் தங்கள் வாழ்வையே குற்றமென்று ஒப்புக்கொள்ள நேரும். நியூட்டனோ 60 வயதைக் கடந்து, லண்டனில் புகழ்பெற்ற போதகராக விளங்கிய காலத்தில், தம் பெயரிட்டு வெளியிட்ட நூலில், தம் கைகளால் செய்ததைச் சொல்லி, காலங்கடந்த இந்த ஒப்புதல் தமக்கு அவமானம் என்றே எழுதினார். பாராளுமன்றக் குழுவின் முன்பும் சாட்சியம் அளித்தார். 1785-இல் அரசியலை விட்டுவிடலாமா என்று ஆலோசனை கேட்டு வந்தவரும், பின்னர் அவ்வியாபாரத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் போராடியவருமான வில்பர்போர்ஸைப் பொதுவாழ்வில் நிலைத்திருக்கும்படி சொன்னவரும் அவரே. 1807 மார்ச்சில் வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார்.

மூன்றாம் மனிதனை மறவாத கிருபையின் இலக்கணம் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில், ஜனங்களைக் கசக்கிப் பொருள் சேர்த்த ஆயக்காரத் தலைவனாகிய சகேயுவின் வீட்டில் தங்குவதாக இயேசு முதலில் அறிவிக்கிறார். அதன் பிறகே சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொல்லுகிறான். ஏற்பு முன்னே வருகிறது, விலை பேசப்படவில்லை. ஆனால் விருந்து முடிவதற்குள் இழந்தவர்களின் நினைவு வந்துவிடுகிறது.

இந்த வரிசையைச் சபைகள் காக்கவேண்டும். குற்றம் செய்து திரும்பியவனைச் சேர்த்துக்கொள்வதில் தாமதம் வேண்டாம். ஆனால் அவனுக்குப் பொறுப்பான பதவியையும் பிறருடைய நம்பிக்கையையும் கையளிப்பது வேறு காரியம், அதில் நிதானம் கிருபைக்கு விரோதமன்று. அவனால் துன்புற்றவர்களைத் தேடிச் சென்று கேட்பதும், அவர்கள் இழந்ததை ஈடுசெய்யச் செய்வதும், மன்னிக்கும்படி அவர்களை அவசரப்படுத்தாமலிருப்பதும் சபையின் கடமை. ஆறுதலை உணரமுடியாமல் தவிக்கும் கூப்பர்களிடம் உணர்ச்சியைச் சான்றாகக் கேட்காமல், உடனிருந்து காப்பதும் அதே கடமையின் மறுபாதி. நிபந்தனையற்ற கிருபை, குற்றவாளிக்கும் கடவுளுக்கும் இடையே முடிந்துபோகும் தனிப்பட்ட ஏற்பாடாகச் சுருங்கினால், அதைப் பழிக்கிறவர்களின் வாதம் நியாயமாகிவிடும். அடிபட்டவனுடைய முறையீட்டை, தன்னைக் காத்துக்கொள்ள முயலாமல் நின்று கேட்கும் வலிமையை அது மனிதனுக்குத் தருமானால், அவனைத் திருத்துவதற்கு அதைவிடச் சிறந்த நெறியை எந்தச் சட்டமும் வகுத்துவிட முடியாது.