கெண்டிப் புராணம்

ஞானப்பால் உண்டார் சம்பந்தர். உண்ட அக்கணமே பாடினார் பதிகம் என்பர் புராணிகர். நம்புவாரில்லை நம்மிடையே. ஆனால், நம் வீட்டுச் சிறுவனுக்கு நாமே ஆசையோடு வாங்கித் தரும் கண்டுபிடிப்புக் கதை ஏடுகளிலே என்ன காண்கிறோம்? அடுப்பிலே கெண்டி, கெண்டியிலே கொதிநீர், துள்ளுகிறது மூடி, பார்க்கிறான் பாலகன் ஜேம்ஸ் வாட், பிறக்கிறது நீராவி இயந்திரம்! பாலுக்குப் பதில் வெந்நீர். வேறென்ன வேறுபாடு?

"விஞ்ஞான ஏடுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பர் சில தோழர்கள். நமக்கு அந்தச் சமாதானம் ஒப்பவில்லை.

வாட் பிறந்தது 1736இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே, 1712இல், தாமஸ் நியூகோமன் என்னும் இரும்பு வணிகர் அமைத்த நீராவி இயந்திரம், இங்கிலாந்தில் டட்லிக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. பிறவாத பிள்ளை எந்தக் கெண்டியைப் பார்த்தானாம்?

நடந்தது வேறு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலே கருவிகள் செய்து வந்த வாட்டிடம், 1763-64 குளிர்காலத்தில், நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க வந்தது. ஓட்டிப் பார்த்தார், சிறிது நேரத்திலே ஓய்ந்தது. ஏன் என்று கேட்டார். அவ்வியந்திரத்திலே உருளைக்குள் ஆவியை நிரப்புவர். அதே உருளைக்குள் குளிர்நீரைப் பீச்சி ஆவியை நீராக்குவர். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று தண்டை அழுத்தும். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்துபோகும். அடுத்து வரும் ஆவியிற் பெரும்பகுதி, உருளையை மீண்டும் சூடாக்கவே வீணாகும். அளந்தார் வாட், கணக்கிட்டார். 1765இல் வழி கண்டார்: ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம், உருளை என்றும் சூடாகவே இருக்கட்டும். 1769இல் காப்புரிமை பெற்றார். அப்போதும் இயந்திரம் ஓடிவிடவில்லை. மாத்யூ போல்டனின் பணமும், பீரங்கி குடைந்து பழகிய ஜான் வில்க்கின்சனின் பட்டறைத் திறனும் துணை வந்த பின்னரே, 1776இல் பணிக்கு வந்தது. வளர்ந்த வாட், ஆவியின் வெப்பத்தை அளக்கத் தேநீர்க் கெண்டியைப் பயன்படுத்தியதுண்டு. கெண்டிக்குரிய உண்மையான பெருமை அதுதான்!

இத்தனையும் சிறுவனுக்குப் புரியாது என்கிறார்கள். புரியாதா? ஆறிய பானையை மீண்டும் சூடாக்க விறகு வேண்டும் என்பதை அறியாத பிள்ளை எந்த வீட்டிலே இருக்கிறது? புரியாதது பிள்ளைக்கல்ல, எழுதுவோருக்கு. அற்புதத்தை எழுதுவது எளிது. காரணத்தை எழுத, முதலில் தாம் கற்க வேண்டுமே!

முடியும் என்று காட்டிய ஏடு ஒன்று உண்டு. 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலே இளைஞர்க்கென மைக்கேல் ஃபாரடே ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள், 'மெழுகுவத்தியின் இரசாயன வரலாறு' என 1861இல் நூலாயின. நூல் முழுவதற்கும் பொருள் ஒரு மெழுகுவத்தி! அணைத்த திரியிலிருந்து எழும் வெண்புகையிலே, திரிக்குச் சற்று எட்டவே எரியும் சுடரைக் காட்டுகிறார். புகைவழியே பாய்ந்து திரியைப் பற்றுகிறது தீ. எனவே எரிவது உருகிய மெழுகின் ஆவி. சுடர்மீது குளிர்ந்த கலத்தைப் பிடிக்கிறார், துளிர்க்கிறது நீர். நெருப்பிலிருந்து நீரா? ஆம், எப்படி என்பதை அடுத்த சோதனையிலே அவிழ்க்கிறார். இறுதியில், நாம் விடும் மூச்சும் அச்சுடரின் உறவே என்று நிறுவுகிறார். "நான் சொல்கிறேன், நம்பு" என்னும் தொனி எங்கும் இல்லை.

குறையற்ற நூலன்று. இடையிலே பொட்டாசியமும் மின்கல அடுக்கும் மேடையேறுகின்றன. ஏழைச் சிறுவன் கைக்கு அவை எட்டா. ஃபாரடே மதப்பற்று மிக்கவர் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1853இல், ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்று லண்டனே மயங்கியபோது, கருவி ஒன்று அமைத்து, தள்ளுவது அமர்ந்திருப்போரின் கைகளே என்று காட்டியவரும் அவரே.

கொல்லர் மகன் அவர். புத்தகம் பைண்டு செய்யும் கடையிலே வேலை பழகியவர். அங்கே கைக்கு வந்த நூல்களுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் பெண்மணி, ஆசிரியைக்கும் இரு சிறுமியர்க்கும் இடையே நடக்கும் உரையாடலாக எழுதிய இரசாயன நூல். முதற் பதிப்பிலே அவர் பெயர்கூட இல்லை. பெயரில்லா அந்த நூலையும் அப்படியே நம்பவில்லை இளைஞன் ஃபாரடே, இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்தான், சரியாயிருக்கவே பற்றிக்கொண்டான்.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் அடுத்த முறை சிறுவர் ஏடு வாங்கும்போது, படங்களின் பளபளப்பைப் பிறகு பார்க்கட்டும். "எப்படித் தெரிந்தது?" என்னும் வினாவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் புரட்டட்டும். கெண்டி மட்டுமே தென்பட்டால் கடைக்காரரிடமே திருப்பித் தந்துவிட்டு, அந்தக் காசுக்கு நான்கு மெழுகுவத்தியும் ஒரு தீப்பெட்டியும் வாங்கி வரட்டும். பெரியவர் ஒருவர் அருகிருக்க, புகையிலே தீ தாவுவதைப் பிள்ளைகள் தாமே பார்க்கட்டும்.