படர்க்கையில் சொன்ன காதல்

ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம். ஆண் வேடமிட்ட வயோலா, உள்ளூரக் காதலிக்கும் ஓர்சினோவின் முன் நிற்கிறாள். அவன் மனமோ ஒலிவியாவிடம். ஆணின் காதலுக்குள்ள ஆழம் பெண்ணின் காதலுக்கு இல்லை என்கிறான். அதை மறுத்தாக வேண்டும். தன் வேடமும் கலையக்கூடாது. காதலை வாய்திறந்து சொல்லாமலே வாடிய ஒருத்தியைப் பற்றி, தன் சகோதரி கதைபோல வயோலா சொல்கிறாள். படர்க்கையில் வரும் அந்த ‘அவள்’ உண்மையில் ‘நான்’. அரங்கில் ஓர்சினோவைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

இந்தச் சில வரிகளைத்தான் ‘ஷீ நெவர் டோல்ட் ஹெர் லவ்’ என்ற பாட்டாக்கி 1795இல் லண்டனில் வெளியிட்டார் ஜோசப் ஹைடன். 1791இல் முதன்முறை இங்கிலாந்துக்கு வந்தபோதே அவருக்கு வயது 58. பிற்காலத்தில் பழகிய மொழியின் உச்சக் கவிஞனை அவர் தொட்ட விதம் வியக்க வைக்கிறது.

அந்த நூற்றாண்டில் ஷேக்ஸ்பியருக்கு இசையமைத்தவர்களில் தாமஸ் ஆர்ன் முக்கியமானவர். 1740இல் டுரூரி லேன் அரங்கில் நடந்த ‘ஆஸ் யூ லைக் இட்’டுக்கு அவர் போட்ட மெட்டுகள் இன்றும் துள்ளுகின்றன. ஆனால் அவை நாடகத்திலேயே பாட்டாக எழுதப்பட்டவை. ஹைடன் எடுத்துக்கொண்டது பேச்சு. அதில் இயைபும் இல்லை, திரும்பிவரும் பல்லவியும் இல்லை. மெட்டுக்குப் பிடி கொடுக்காத வரிகள்.

அதனால் அவர் பியானோவை முதலில் பேசவிட்டார். ஏ-பிளாட் மேஜரில், மிக மெதுவான நடையில், ஏறத்தாழ ஒரு நிமிடம் அது தனியே பேசுகிறது. தயங்குகிறது, நின்று மீண்டும் தொடர்கிறது. மூன்று நிமிடம்போல ஒலிக்கும் பாட்டுக்கு இது நீண்ட முன்னிசை. குரல் நுழையும்போது சொல்ல வேண்டியதில் பாதி சொல்லி முடிந்திருக்கிறது. குரலும் நீண்ட ராகமாக விரியவில்லை. சின்னச் சின்னத் தொடர்களாக, நடுவே மௌனம் விட்டு வருகிறது. அந்த மௌனங்களைப் பியானோ நிரப்புகிறது.

மூலத்தில் மொட்டை அரிக்கும் புழு என்ற உவமைக்கும், கல்லறைச் சிலைபோல் அமர்ந்த பொறுமை என்ற உவமைக்கும் இடையே, ஏக்கத்தின் வாடிய நிறத்தைச் சொல்லும் வரிகள் உண்டு. ஹைடன் அவற்றை விட்டுவிட்டார். எனக்கு அது குறையாகவே படவில்லை. அந்த நிறத்தைச் சுரங்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன. சேர்த்தது எது தெரியுமா? துயரைப் பார்த்துச் சிரிப்பதாக வரும் இடத்தில், ‘சிரித்து’ என்னும் சொல்லை மறுபடி பாட வைக்கிறார். முதல்முறை கேட்கையில் அது சிரிப்பு. அடுத்த முறை அந்தச் சிரிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பாடு தெரிகிறது.

குரல் கடைசிவரை படர்க்கையிலேயே நிற்கிறது. தன்மையில் பேசுவது பியானோ. வயோலாவால் சொல்ல முடியாத ‘நான்’ அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எல்லி அமெலிங் பாட, யோர்க் டெமுஸ் பியானோ வாசித்த பதிவு உண்டு. ஒருமுறை குரலுக்காகக் கேளுங்கள். மறுமுறை பியானோவுக்காக மட்டும் கேளுங்கள்.