வெட்டி எறியப்பட்ட நிமிடங்கள்

கடந்த தவக்காலத்தில், ஒரு ஞாயிறு மறையுரையின்போது நாம் ஒரு பிழை செய்தோம். கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டுகளைக் கண்டு பொழுதை வீணாக்கும் இளைஞரைக் கடுமையாகச் சாடினோம். “ஆடுகிறவன் ஒருவன், அதை வெட்டி ஒட்டிப் படமாக்குகிறவன் இன்னொருவன், பார்த்துக் கைதட்டுகிறவர் ஆயிரம் பேர். இவர்களுள் எவருக்கு என்ன பயன்?” என்று கேட்டோம். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்து வெளியே வந்தபோது, வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். விளாத்திகுளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். நம் பீடச் சிறுவராக இருந்து வளர்ந்தவர். இப்போது கோவில்பட்டிக்குச் சென்று கல்லூரியில் பயில்பவர். “சாமி, அந்த வீடியோ எதையாவது நீங்க பாத்திருக்கீகளா?” என்று பணிவோடு கேட்டார்.

நாம் பார்த்ததில்லை. படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதலாகாது என்று பிறருக்குச் சொல்லிவந்த நாமே, பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம். அன்று மாலை அந்த இளைஞரைப் பங்கு இல்லத்திற்கு அழைத்தோம். அவர் காட்டியவற்றையும், அதன்பின் பல வாரங்கள் நாமே தேடிக் கண்டவற்றையும் வைத்து, தாமதமாக எழுதப்படும் மதிப்புரை இது.

எதைக் காண்கிறோம்?

நம் பகுதிப் பிள்ளைகள் மிகுதியும் ஆடுவது பி.ஜி.எம்.ஐ. என்னும் ஆட்டம். ‘பப்ஜி’ என்ற பெயரில் பரவிய கைப்பேசி ஆட்டத்தை இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடைசெய்தது. அதன் இந்திய வடிவமாக 2021 ஜூலையில் வந்தது இது. 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் அனுமதி பெற்றது. ஏறத்தாழ நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கின்றனர். பெரும்பாலும் நால்வர் கொண்ட அணிகளாக ஆயுதம் தேடி, ஒளிந்து, காத்திருந்து, சுருங்கிக்கொண்டே வரும் ஒரு வட்டத்துக்குள் இறுதிவரை நிற்க முயல்கின்றனர். ஆட்டம் ஏறக்குறைய அரைமணி நேரம் நீளும். அதில் பெரும்பகுதி, நம் கரிசல் விவசாயி புரட்டாசியில் வானம் பார்த்திருப்பதைப் போன்ற காத்திருத்தலே.

அந்த அரைமணியிலிருந்து ஆறு விநாடிகளை எடுப்பார்கள். இன்னோர் ஆட்டத்திலிருந்து நான்கு விநாடிகள். இவ்வாறு பல நாள்களின் வெற்றிக் கணங்களைக் கோத்து, இசை சேர்த்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக்குவார்கள். பிள்ளைகள் இதனை ‘மான்டேஜ்’ என்பர். இவற்றுள் பலவற்றை ஆடியவர் செய்வதில்லை. ஆடியவரை வியந்து நேசிக்கும் மற்றொருவரே செய்கிறார். ஆக இக்கலையின் வேர் புகழ்ச்சி. அரசவைப் புலவன் முதல் திருத்தலப் பெருமை பாடும் கும்மிப் பாட்டுக்காரர் வரை நம் மொழி நன்கறிந்த வேர்தான் அது.

நம் இளைஞரும் அப்படித்தான். அவர் சுமாரான ஆட்டக்காரர். அவருடைய நண்பர், தீப்பெட்டி ஆலையில் பணிபுரியும் ஒரு தம்பி, கைதேர்ந்தவர். அந்த நண்பருக்காக மூன்று வாரங்கள் இரவில் விழித்து ஒரு மான்டேஜ் செய்திருந்தார். ஒவ்வொரு குண்டும் இசையின் ஒவ்வோர் அடியோடு பிசகாமல் பொருந்தியது. குண்டு படுவதற்குச் சற்றுமுன் காட்சி மெதுவாகி, பட்டவுடன் விரைந்தது. பறையடிக்கும் கலைஞர் அறிந்த காலப் பிரமாணம் அந்த விரல்களில் இருந்தது. “எவருக்கு என்ன பயன்?” என்ற நம் கேள்வி அங்கேயே பாதி நொறுங்கியது.

ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு

இவ்வகைக் காணொளிகளுள் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்றை அவர் நமக்குக் காட்டினார். 2004 ஆகஸ்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடைபெற்ற ‘ஈவோ’ போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ என்னும் சண்டை ஆட்டத்தில் ஜப்பானியர் டைகோ உமெஹாராவும் அமெரிக்கர் ஜஸ்டின் வோங்கும் மோதினர். ‘ஈவோ மொமண்ட் 37’ என்று அதற்குப் பெயர். முப்பத்தேழு என்பது எதையும் எண்ணிப் பெற்றதன்று. மனம்போல வைக்கப்பட்ட எண்.

டைகோவின் உயிர்க்கோடு ஒரு மயிரிழை அளவுக்கு வந்துவிட்டது. வழக்கமான முறையில் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும்; அவரிடமோ குறைய ஒன்றுமில்லை. வோங் பதினைந்து உதைகள் கொண்ட தாக்குதலைத் தொடுக்கிறார். அடி விழும் அந்தக் கணத்தில் எதிர்நோக்கி விசையைத் தட்டினால் மட்டுமே சேதமின்றித் தப்பலாம். டைகோ பதினைந்தையும் அவ்வாறே எதிர்கொண்டு, திருப்பித் தாக்கி வெல்கிறார். அரங்கம் எழுந்து முழங்குகிறது.

இக்காணொளி ஏன் உயர்ந்தது? இதில் அலங்காரம் இல்லை. மெதுவாக்குதல் இல்லை, பின்னணி இசையில்லை. இருவரின் உயிர்க்கோடுகளும் நம் கண்முன் இருப்பதால், செயலின் அருமை நமக்கே விளங்குகிறது. எதிரியும் முழு ஆற்றலோடு நிற்கிறார். அருஞ்செயல் எதுவென்று காண்பவரே உணருமாறு விடுவதுதான் நல்ல தொகுப்பின் முதல் இலக்கணம். நம் பிள்ளைகளின் பெரும்பாலான தொகுப்புகள் வழுக்குவது இங்கேதான். எல்லாக் குண்டையும் மெதுவாக்கினால் எந்தக் குண்டும் அரியதாகத் தோன்றாது. எல்லா வரியும் தடித்த எழுத்தில் அச்சிட்ட நூலைப் போல.

ஆயினும் இந்த உயர்ந்த காணொளியும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. அன்று டைகோ போட்டியை வெல்லவில்லை. இறுதிச் சுற்றில் கென்ஜி ஒபாட்டா என்னும் மற்றொரு ஜப்பானியரிடம் தோற்றார். அந்தத் தோல்வியைக் கண்டவர் சிலர். முந்தைய கணத்தைக் கண்டவரோ கோடி. தென்கொரியாவின் ‘ஃபேக்கர்’ எனப்படும் லீ சாங் ஹியோக்கின் புகழ்பெற்ற காட்சியும் இத்தகையதே. 2013 ஆகஸ்டு 31 அன்று, ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ இறுதிப் போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில், தாம் வீழும் விளிம்பில் நின்றவாறே ‘ரியூ’ என்பாரை வீழ்த்திய சில விநாடிகள் அவை. அவருடைய அணி அன்று முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது என்பதை அந்த விநாடிகள் சொல்வதில்லை. ரியூவோ திறன்மிக்க ஆட்டக்காரர். ஆனால் பார்வையாளர் பலருக்கு அவர் என்றென்றும் அந்தக் கணத்தில் வீழ்ந்துகொண்டே இருப்பவர்.

முழக்கத்தின் ஆற்றல்

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஆறாம் பகுதியில், தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுகிறார். உரோமையில் வாட்போர் அரங்குக்கு நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூட மறந்தார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த முழக்கம் கண்களைத் திறக்கச் செய்தது. அதன்பின் பிறரை அழைத்துச் செல்பவராக அவரே மாறினார்.

கணினித் திரையில் எவரும் உண்மையில் குருதி சிந்துவதில்லை; ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டோம். ஆனால் அலிப்பியுசை வென்றது முழக்கமே என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மான்டேஜ் என்பது முழக்கத்தை மட்டும் பிழிந்தெடுத்த சாறு. அரைமணி அமைதிக்குப்பின் வரும் முழக்கத்திற்கு ஒரு பொருளுண்டு. ஆறு விநாடிக்கொன்றாக வரும் முழக்கத்திற்குப் பழக்கம் மட்டுமே உண்டு.

கோவில்பட்டியின் செயற்கைப் புல் திடலில் வளைகோல் பந்தாட்டம் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் போன்றோரை ஈன்ற ஊர் அது. அறுபது நிமிட ஆட்டத்தில் கோல் விழுவது ஓரிரு கணங்கள். மற்ற நிமிடங்களில் ஒருவன் ஓடி ஓடி வெற்றிடம் உண்டாக்குகிறான். பந்து அவனிடம் வருவதேயில்லை. திடலில் அமர்ந்த முதியவர் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார். சுருக்கக் காணொளியில் அவனுக்கு இடமில்லை. ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடினார் என்று நம்மூர்ப் பெரியோர் இன்றும் போற்றும் விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகளின் மண் இது. நீளத்திற்குள் பொறுமையாக நுழையும் சுவை இம்மண்ணுக்குப் புதிதன்று.

வெட்டுதல் குற்றமா?

அப்படியானால் வெட்டுவதே பிழையா? இல்லை. நற்செய்தியாளர்களும் வெட்டியவர்களே. நாசரேத்தின் முப்பது ஆண்டுகளைப் பெரும்பாலும் மௌனமாக விட்டனர். ஆண்டவர் செய்தவை இன்னும் பல உண்டென்று யோவான் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். மாற்குவோ மூச்சுவாங்கும் விரைவில் நிகழ்ச்சிகளைத் தாவிச் செல்கிறார்.

ஆனால் அவர்கள் எதை வெட்டவில்லை என்று பாருங்கள். பேதுருவின் மறுதலிப்பை வெட்டவில்லை. கெத்சமனியில் சீடர் உறங்கியதை வெட்டவில்லை. எல்லாரும் விட்டு ஓடியதை வெட்டவில்லை. திருச்சபையின் முதல் தலைவரைப் புகழ எழுதியிருந்தால், சேவல் கூவிய இரவை எந்தத் தொகுப்பாளரும் எடுத்தெறிந்திருப்பார். அவர்கள் அதனை வைத்திருந்தமையால்தான் வீழ்ந்த நம்மில் எவரும் அந்நூலைத் திறக்க அஞ்சுவதில்லை. சுருக்குவது குற்றமன்று. வெற்றியை மட்டும் வைத்துச் சுருக்குவதே காண்பவரைத் தனிமைப்படுத்துகிறது. தன் வாழ்வின் வெட்டப்படாத முழு நாளையும், பிறர் வாழ்வின் ஆறு விநாடிகளையும் அருகருகே வைத்து, ‘நான் ஒன்றுக்கும் ஆகாதவன்’ என்று முடிவுகட்டும் பிள்ளைகளை ஒப்புரவு அருளடையாளத்தில் அமரும் எந்தக் குருவும் அறிவார்.

நம் இளைஞரிடம் இதை நாம் நீட்டி முழக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டோம்: “தம்பி, இதைப் பார்த்துவிட்டு உன் நண்பன் என்ன சொன்னான்?”

அவர் சற்றுத் தயங்கினார். “நல்லாருக்குன்னான் சாமி. ஆனா, ‘அன்னைக்கு நான் விழுந்துகெடந்தப்போ நீ புகைக்குள்ள ஓடியாந்து என்னத் தூக்கிவிட்டியே, அது இல்லையேல’ன்னு கேட்டான்.”

அந்த ஆட்டத்தில் அடிபட்டு வீழ்ந்த தோழனை, அருகில் மண்டியிட்டுச் சில விநாடிகள் காத்திருந்து எழுப்பலாமாம். அந்த விநாடிகளில் எழுப்புகிறவர் சுடமுடியாது. தாமே எளிய இலக்காகிவிடுவார். நாம் கண்ட பல தொகுப்புகளை மீண்டும் பார்த்தோம். வீழ்த்துதல் எங்கும் இருந்தது; தூக்கிவிடுதல் அநேகமாக எங்கும் இல்லை. இசைக்குப் பொருந்தாத, அசையாத விநாடிகள் என்பதால் அவை முதலில் வெட்டப்படுகின்றன. நல்ல சமாரியர் உவமையை ஒருவர் மான்டேஜ் ஆக்கினால் கள்வர் தாக்கும் காட்சிதான் எஞ்சும் போலும்!

பெற்றோருக்கும் நமக்கும்

பெற்றோர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பவேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடைசெய்து, திறன்சார் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஏற்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவற்றுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ் கணினி ஆட்டம் ஆடியவர், காணொளிகளையும் தொகுத்தவர். ஆனால் ஆட்டத்திற்கு வாரத்தில் ஒரு மணிநேரமே என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டவர். ஆகவே பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். “இதில் எதை வெட்டினாய்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் விடையில் பிள்ளை தன்னையே உங்களுக்குக் காட்டும்.

இறுதியாக நம்மையும் விட்டுவிடலாகாது. சில ஆண்டுகளுக்குமுன் நாம் பணியாற்றிய ஒரு பங்கின் விழா மலரை அண்மையில் எடுத்துப் பார்த்தோம். தொகுத்தவர் நாமே. கோபுரம் எழும்பிய நாள், அடிக்கல், ஆயர் வருகை, நம் படங்கள் நான்கு. மழை பொய்த்த ஆண்டில் கூலி வேலைக்குப் போய்வந்து கோயிலுக்குத் தண்ணீர் சுமந்த பெண்கள் ஒரு பக்கத்திலும் இல்லை. நாமும் ஒரு மான்டேஜ்தான் செய்திருக்கிறோம்.

இளைஞர் அண்மையில் தம் இரண்டாம் காணொளியைக் கொண்டுவந்தார். நடுவில் ஏறத்தாழ பத்து விநாடிகள் இசை நின்றுவிடுகிறது. திரை முழுதும் புகை. ஒருவன் மண்டியிட்டிருக்கிறான், வேறெதுவும் நிகழவில்லை. பின் இருவரும் எழுகின்றனர். முந்தையதைப் பார்த்தவர்களுள் பாதிப்பேர்கூட இதைப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். தொகுப்பு வேலையில் குறைகள் உண்டு, முடிவு நீள்கிறது, எழுத்துகள் கண்ணை உறுத்துகின்றன. ஆயினும் நாம் கண்டவற்றுள் மீண்டும் பார்க்கவேண்டும் என்று நாமே கேட்டுப் பெற்றது அது ஒன்றே.