ஆட்டத் துணைநூலும் ஆற்றுப்படையும்: ஒரு மதிப்பீடு

நூலை மதிப்பிடும் முறை நூலின் வகையை ஒட்டி அமைதல் வேண்டும். காப்பியத்திற்குரிய அளவுகோலால் நிகண்டை அளப்பின் நிகண்டு வறிதாகவே தோன்றும். அது நிகண்டின் குற்றமன்று. இவ்வுண்மை அண்மைக் காலத்தே தோன்றிய ஒருவகை நூலுக்குப் பெரிதும் பொருந்தும். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகித் தம் செயலைச் சொல்லால் அறிவித்து, அதன் முடிவைப் பகடையால் காணும் கற்பனை ஆட்டங்கள் உள. அவற்றிற்கென எழுதப்படும் துணைநூல்களே ஈண்டுக் கருதப்படுவன. இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவாரும் உளர். படங்களின் அழகு கருதிப் பாராட்டுவாரும் உளர். இருதிறத்தாரும் நூற்பயனை ஆராய்ந்திலர்.

அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்பார் 1974இல் மூன்று சிறு சுவடிகளாக வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முதல்நூல் எனலாம். அதனைத் தொடர்ந்து 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் நான்கு துணைநூல்கள் வெளிவந்தன. நூலை முதல், வழி, சார்பு என நன்னூலார் மூன்றாகப் பகுப்பர். அப்பகுப்பின்படி இவை சார்புநூல்கள். முன்னோர் நூலை ஒருபுடை ஒத்துத் தனக்கென ஒரு வேறுபாடும் உடையதே சார்புநூல் ஆதலின், அவ்வேறுபாட்டால் விளையும் பயன் யாது என்பதே இவற்றைக் குறித்து நாம் வினவத்தக்கது.

முதல் துணைநூலாகிய ‘கிரேஹாக்’ (1975) கள்வன் என்னும் புதிய மாந்தர்வகையை ஆட்டத்திற்குத் தந்தது. பூட்டுத் திறத்தல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் ஆகியன அவன் தொழில்கள். இவற்றின் வரவால், வாளேந்திப் பொருத முடியாத இடத்தும் ஆடுவோர்க்கு ஒரு வழி பிறந்தது. இது பயனுடைய வேறுபாடு.

ராபர்ட் குன்ட்ஸ், ஜேம்ஸ் வார்டு இருவரும் எழுதிய நான்காம் துணைநூலாகிய ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்டு ஹீரோஸ்’ (1976) எகிப்து, கிரேக்கம், நார்சு முதலிய நாட்டுத் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களையும் வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு தெய்வமும் எத்துணை அடி தாங்கும் என்பதற்கு ஓர் எண்ணும், எத்துணை விரைந்து இயங்கும் என்பதற்கு ஓர் எண்ணும் காணப்படும். அளவிறந்த ஆற்றலைத் தம் கதைமாந்தர்க்கு ஏற்றிக்கொள்வாரின் பேதைமையைச் சுட்டுதற்கே இந்நூல் வெளிவருகிறது என்று பதிப்பாசிரியர் டிம் காஸ்க் முன்னுரையில் கூறுகின்றார். நோக்கம் நன்றே. ஆயின் எண்ணிட்டது எதுவும் ஆட்டத்தில் குறைக்கப்படக்கூடியது. ஓடின் என்னும் நார்சுத் தெய்வத்திற்கு முந்நூறு என வரையறுத்த அளவிலேயே, முந்நூறு அடி அடித்தால் அத்தெய்வம் வீழும் என்பதும் உடன் கூறப்பட்டதாயிற்று. மருந்தே நோயாயிற்று. அத்தெய்வத்தை வழிபடுவோன் யாது செய்வான், எதற்கு அஞ்சுவான், எதனை வேண்டுவான் என்பன பெரும்பான்மையும் கூறப்படவில்லை. இதனை நன்னூலார் கூறும் ‘நின்று பயனின்மை’ என்னும் குற்றத்தின்பாற் படுத்தலாம்.

எண்ணே இன்றி ஆட்டம் நிகழுமோ எனின், நிகழாது. எண் இவ்வகை நூலுக்கு யாப்புப் போல்வது. யாப்பின்றிச் செய்யுள் இல்லை. ஆயின் யாப்பே செய்யுளாகிவிடாது.

அங்ஙனமாயின் துணைநூல் தரவேண்டியது யாது? இதற்கு விடை காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆரோவிலுக்கு வடக்கே கடலோரத்து உப்பளங்களோடு கிடக்கும் மரக்காணமே சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என அறிஞர் பலர் கருதுவர். 269 அடியுடைய அப்பாட்டில் நத்தத்தனார் முன்னிலைப்படுத்திப் பேசி ஒருவனை வழிநடத்துகின்றார். உப்பின்றி வெந்த வேளைக்கீரையைப் பிறர் காணாவாறு கதவடைத்து உண்ணும் வறுமையைக் காட்டுதலால் பயணத்தின் தேவை விளங்குகிறது. உப்பு வணிகரின் வண்டிகள் செல்லும் நாட்டிலேயே உப்பில்லாத உணவு உண்ணப்படுவது கருதத்தக்கது. பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்ட சோறும், ஆமூரில் நண்டுக் கலவையும் கிடைக்குமெனக் கூறுதலால் வழியும் அவ்வவ்வூர் வாழ்வும் விளங்குகின்றன. நல்லியக்கோடனின் கொடை முடிவாக அமைகிறது. தேவை, வழி, விளைவு என்னும் இம்மூன்றும் துணைநூலுக்கும் உரியன. வேறுபாடு ஒன்றுண்டு. பாணன் செல்லும் வழி ஒன்றே. ஆட்டத்தில் வழி பலவாதல் வேண்டும்.

இக்கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு ஒரு துணைநூல் எழுதப்படின் அதனை எவ்வாறு மதிப்பிடுவோம்? ஆரோவிலை அடுத்த இரும்பை, சம்பந்தர் பாடிய தலம். அங்கு வழங்கும் கதையில், ஆடுமகள் ஒருத்தியின் காலினின்று வீழ்ந்த சிலம்பைக் கடுவெளிச் சித்தர் எடுத்து அணிவிக்கின்றார், கண்டோர் நகைக்கின்றனர், அவர் வெகுளியால் இலிங்கம் வெடிக்க, நாடு பாலையாகிறது, தொலைவினின்று வருவோர் அதனைப் பசுமையாக்குவர் என்பது சாபத்தின் விடுதலை. 1968இல் ஆரோவில் நிறுவப்பட்டபோது அரிப்புண்ட செம்மண் மேடாய் இருந்த நிலம் பின்னர்க் காடாயினமையின், இக்கதை இன்றும் ஆங்கு விரும்பிக் கூறப்படுகிறது. சித்தர்க்கு ஓர் எண்ணும் சாபத்திற்கு ஓர் எண்ணும் இட்டு அமையும் நூல் 1976ஆம் ஆண்டு நூலின் குற்றத்தையே மீளச் செய்யும். அவையில் நகைப்பவரோடு நகைப்பதா, எழுந்து தடுப்பதா என ஆடுவோரை நிறுத்தும் நூலே சிறந்தது. உப்பளமும் அவ்வாறே. அங்கே ஓர் உப்புப் பூதத்தை நிறுத்துதல் எளிது. மேகம் திரளும்போது, முற்றாத உப்பை இன்றே வாரிவிடுவதா, நாளைவரை பொறுப்பதா என்னும் வினாவில் அந்நிலத்தார் வாழ்வே அடங்கியுள்ளது.

ஆகவே துணைநூலின் மதிப்பு அது தொகுத்த பொருள்களின் எண்ணிக்கையில் இல்லை. ஆடுவோன் முன்வைக்கும் தேர்வின் பொருண்மையிலேயே உளது. இவ்வளவுகோல் நமக்குப் புதிதன்று. ஆற்றுப்படை கற்றார் அனைவரும் அறிந்ததே. நம் தொன்மங்களும் ஊர்க்கதைகளும் ஆட்டங்களுக்குப் பொருளாகும் காலத்தில், அவை எண்களாகச் சுருங்குகின்றனவா, செயல்களாக விரிகின்றனவா என்று ஆராய்ந்து கூறுதல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்றாகும்.