காவிரிப் படிவுப் படுகையின் தோற்றமும் வளர்ச்சியும்: பல்துறை ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

படிவுப் படுகை ஒன்றின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எந்த ஒரு துறையும் தனித்து விளக்க இயலாது. தொல்லுயிரியல், படிவியல், நில இயற்பியல், புவிவேதியியல் முதலியன இணைந்தே அவ்வரலாற்றை மீட்டெடுக்கின்றன. காவிரிப் படிவுப் படுகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்விணைவு எவ்வாறு நிகழ்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஒரு துறையின் ஊகம் மற்றொரு துறையில் தரவாக ஏற்கப்படுவதும், அத்தரவைக் கொண்டே முதல் ஊகம் உறுதிப்படுத்தப்படுவதும் இவ்வகை ஆய்வுகளின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: படிவுப் படுகை, காவிரி, கிரெட்டேசியஸ் காலம், அமிழ்வு, கடல்மட்ட மாற்றம், பல்துறை ஆய்வு.

1. முன்னுரை

‘காவிரிப் படுகை’ என்னும் தொடர் தமிழில் மூன்று வேறு பொருள்களில் வழங்குகிறது. குடகில் தொடங்கி வங்கக் கடல் வரை 81,155 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் வடியும் நிலம் ஒன்று. கல்லணைக்குக் கிழக்கே விரியும் கழிமுகம் மற்றொன்று. புதுச்சேரி முதல் இராமநாதபுரம் வரை நிலத்தடியிலும், அதற்கப்பால் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் கடலடியிலும் பரந்துள்ள படிவுப் படுகை மூன்றாவது. மூன்றாவதாகச் சொல்லப்பட்டது இன்றைய கழிமுகத்தைவிட மிகப் பழையது. அதன் மேற்பரப்பில் காவிரி மட்டுமன்றித் தென்பெண்ணையும் வெள்ளாறும் வைகையும் பாய்கின்றன. ஆகவே அது காவிரி ஆக்கிய படுகை அன்று; பிற்காலத்தில் காவிரி வந்து பாய்ந்த படுகை. பெயர் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் பொதுவெளியில் மட்டுமன்றி ஆய்வுரைகளிலும் காணப்படுகிறது. இக்கட்டுரையில் ‘படுகை’ என்பது படிவுப் படுகையை மட்டுமே சுட்டும்.

கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து, இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் விலகத் தொடங்கிய ஜுராசிக் கால இறுதியிலும் கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்திலும் இப்படுகை உருவாயிற்று. மேலோடு இழுபட்டுப் பிளந்ததனால் வடகிழக்கு–தென்மேற்குத் திசையில் முகடுகளும் அகழிகளும் மாறி மாறி அமைந்தன. கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு என்பன முகடுகளுக்கு எடுத்துக்காட்டு. அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய உட்படுகைகள் அகழிகள். ஆழமான இடங்களில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டரைக் கடக்கிறது. இப்பொதுச் சித்திரத்தில் ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு இல்லை. அமிழ்வின் வேகம், கடல் முன்னேறியதும் பின்வாங்கியதும், அவற்றின் காரணம் ஆகியவற்றிலேயே வேறுபாடு எழுகிறது.

2. இரு மரபுகள், இரு பெயர்த் தொகுதிகள்

இப்படுகை குறித்த அறிவு இரண்டு தனி மரபுகளாக வளர்ந்துள்ளது. முதலாவது, மேற்கு விளிம்பில் வெளித்தெரியும் பாறைகளைச் சார்ந்தது. 1840களில் தொகுக்கப்பட்ட புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் 1862-இல் வெளியிட்ட இந்திய நிலவியல் ஆய்வகத்தின் நினைவேட்டில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று தொகுதிகளை வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றின் உயிரினங்களை விரிவாக ஆராய்ந்தார். இம்மரபின் அளவுகோல் அம்மோனைட்டுகளும் ஃபொராமினிஃபெராக்களும் ஆகும்.

இரண்டாவது மரபு எண்ணெய்த் தேடலில் தோன்றியது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் மேற்கொண்ட நில அதிர்வலை அளவீடுகளும், 1960களில் தொடங்கிய ஆழ்துளைக் கிணறுகளும் மேற்பரப்பில் காணவியலாத படுகையைப் புலப்படுத்தின. 1980களில் நரிமணத்தில் கிடைத்த எண்ணெய் இம்மரபுக்கு வலுவூட்டியது. இங்கு அளவுகோல் அதிர்வலைகளின் எதிரொளிப்பும் கிணற்றுப் பதிவுகளும் ஆகும்.

விளைவாக ஒரே படுகைக்கு இரண்டு பெயர்த் தொகுதிகள் அமைந்தன. மேற்பரப்பு ஆய்வாளர் காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி என எழுதுகின்றனர். நிலத்தடி ஆய்வாளர் ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம் என எழுதுகின்றனர். காரைக் களிமண்ணும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் பெருமளவு ஒரே காலத்தவை. எனினும் ஒன்றைப் பற்றிய கட்டுரை மற்றொன்றைப் பெயரளவில் சுட்டிச் செல்வதே வழக்கமாயிற்று. மேற்பரப்பு வகைப்பாட்டுக்குள்ளும் ஒருமை இல்லை. கொளக்காநத்தம், ஆனைப்பாடிப் படிவங்கள் ஒரு வகைப்பாட்டில் தனி அமைவுகள். பிறிதொன்றில் கருடமங்கலம் அமைவின் உட்பிரிவுகள்.

பெயர் வேறுபாட்டை வெறும் மரபுச் சிக்கலாகக் கருதுவது பொருந்தாது. விளிம்பில் உள்ள பாறை கரையோரத்தில் படிந்தது. அகழியில் உள்ளது ஆழ்கடலில் படிந்தது. விளிம்பில் படிவு இல்லாத இடைவெளி அகழியில் தொடர்ச்சியான படிவாக இருத்தல் கூடும். இரண்டையும் ஒரே காலக்கோட்டில் பொருத்தினால் மட்டுமே, ஓர் இடைவெளி படுகை முழுவதற்கும் உரியதா, விளிம்புக்கு மட்டும் உரியதா என்பது தெளிவாகும். அப்பொருத்தம் இல்லாதவிடத்து, அரியலூரில் கண்ட ஓர் எல்லையைப் படுகை முழுவதன் வரலாறாகப் பொதுமைப்படுத்துவது எளிதாகிறது.

3. ஒரு சமன்பாடு, அறியப்படாதவை இரண்டு

படுகை வளர்ச்சியைக் கணக்கிடுவதற்கு இன்று பெரிதும் பயன்படும் கோட்பாடு டான் மெக்கன்சி 1978-இல் முன்வைத்தது. பாறைக்கோளம் இழுபடும்போது மெலிந்து உடனடியாக ஒரு பகுதி தாழ்கிறது. கீழிருந்து மேலெழுந்த வெப்பம் பின்னர் மெல்லத் தணிகையில் எஞ்சிய பகுதி தாழ்கிறது. இத்தணிவு சுமார் 6 கோடி ஆண்டுகளைக் கால அலகாகக் கொண்டு படிப்படியே குறைந்து செல்வது. தாழ்ந்த பள்ளத்தை நீருக்குப் பதில் வண்டல் நிரப்பினால், வண்டலின் சுமையால் அது இரண்டு முதல் மூன்று மடங்கு வரை ஆழமாகும். ஆகவே படிவின் தடிமனிலிருந்து சுமையின் பங்கை நீக்கினால் மட்டுமே மேலோட்டின் உண்மையான அமிழ்வு வெளிப்படும். மேலடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து நீக்கும் இம்முறை 1970களில் வாட்ஸ், ஸ்டெக்லர் முதலியோரால் நிலைபெற்றது.

பல்துறை இணைவின் தேவையும் ஆபத்தும் இக்கணக்கீட்டிலேயே அமைந்துள்ளன. அடுக்கின் வயதைத் தொல்லுயிரியல் தருகிறது. தடிமனை நில இயற்பியல் தருகிறது. இறுகுமுன் இருந்த நுண்துளை அளவைப் படிவியல் தருகிறது. படிந்தபோது இருந்த நீராழத்தைக் கடலடி வாழ் ஃபொராமினிஃபெராக்கள் உணர்த்துகின்றன. இவற்றின் நம்பகம் சமமானதன்று. கரையோரப் படிவில் நீராழத்தைச் சில பத்து மீட்டர் பிழையுடன் கூறலாம். ஆழ்கடல் களிப்பாறையில் பிழை பல நூறு மீட்டராக விரியும். ஆயினும் அமிழ்வு வரைபடங்களில் இப்பிழைகள் பெரும்பாலும் மறைந்து, ஒற்றைக் கோடு மட்டுமே எஞ்சுகிறது. அக்கோட்டைப் பெறும் அடுத்த துறையினர் அதனை ஐயமற்ற அளவீடாகக் கொள்கின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மேலானது கடல்மட்டம். ஓரிடத்தில் நீர் ஆழம் கூடியதற்கு நிலம் தாழ்ந்தது காரணமாகலாம். உலகக் கடல் உயர்ந்ததும் காரணமாகலாம். பாறை இவ்விரண்டின் கூட்டு விளைவை மட்டுமே பதிவு செய்கிறது. சமன்பாடு ஒன்று, அறியப்படாதவை இரண்டு. ஒன்றை வெளியிலிருந்து பெறாமல் மற்றொன்றைத் தீர்க்க இயலாது. இவ்விடத்தில்தான் உலகக் கடல்மட்ட வரைபடம் கைக்கொள்ளப்படுகிறது.

4. வரைபடத்தின் வட்டம்

பீட்டர் வெயிலும் எக்ஸான் நிறுவனத்தைச் சார்ந்த அவருடைய குழுவினரும் 1977-இல் நில அதிர்வலைப் பதிவுகளின் அடிப்படையில் கடல்மட்ட மாற்றங்களை வகுத்தனர். ஹக், ஹார்டன்போல், வெயில் ஆகியோர் 1987-இல் அதனை விரித்து வெளியிட்டனர். இதற்கு ஆண்ட்ரூ மியால் 1992-இல் எழுப்பிய மறுப்பு இன்றும் கருதத்தக்கது. வரைபடத்தின் கிரெட்டேசியஸ் பகுதியில் 40 நிகழ்வுகள் உள்ளன. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு அவர் நான்கு கற்பனைப் பாறை வரிசைகளை அமைத்து வரைபடத்தோடு ஒப்பிட்டார். எந்த உண்மையும் இல்லாத அவ்வரிசைகளும் குறைந்தது 77 விழுக்காடு பொருந்தின. நிகழ்வுகள் அத்துணை நெருக்கமாக இருப்பதனால், தொல்லுயிர் வயதின் பிழை எல்லைக்குள் ஏதேனும் ஒன்று எப்போதும் அகப்படும். அதாவது, பொருந்துதல் என்பது அங்குச் சான்றாகாது.

அரியலூர்ப் பகுதி ஆய்வுகளுக்கு இம்மறுப்பு நேரடியாக உரியது. அங்குள்ள படிவுகளில் பெரும்பகுதி கிரெட்டேசியஸ் காலத்தவை. களத்தில் காணும் எல்லைகளை உலக வரைபடத்தோடு பொருத்தி, ‘உலகளாவிய நிகழ்வின் உள்ளூர்ப் பதிவு’ என முடிவு கூறும் போக்கு இத்துறையில் வேரூன்றியுள்ளது. வயது துல்லியமாகத் தெரியாத எல்லைக்கு வரைபடத்திலிருந்து வயது தரப்படுகிறது; பின்னர் அதே எல்லை வரைபடத்தை உறுதிப்படுத்துவதாகக் காட்டப்படுகிறது. தொல்லுயிரியலாளர் நில இயற்பியலாளரின் வரைபடத்தை நம்ப, நில இயற்பியலாளர் தொல்லுயிரியலாளரின் வயதை நம்புகின்றனர். இரு துறைகள் பங்கேற்பதனால் சான்று இரண்டெனத் தோன்றினும், உண்மையில் சான்று ஒன்றே.

திருச்சிராப்பள்ளித் தொகுதியின் தொடக்கம் இதனைத் தெளிவுபடுத்தும். தடித்த காரைக் களிமண்ணுக்கு மேல் திடீரென மணற்பாறையும் அடிப்பாறைக் கூழாங்கற்களும் சிப்பித் திரள்களும் தோன்றுகின்றன. 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர்க் கல்மரமும் இத்தொகுதிக்குரியது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், டுரோனியன் காலத்தில், கரை அருகே வந்தது என்பதில் ஐயமில்லை. அது ஏன் வந்தது என்பதே வினா. கடல் தாழ்ந்தது என்பது ஒரு விடை. ஏறத்தாழ அதே காலத்தில் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதன் எரிமலைப் பதிவு மடகாஸ்கரிலும் கர்நாடகக் கரையோரத்துச் செயின்ட் மேரி தீவுகளிலும் உள்ளது. அப்பிரிவு தென்னிந்திய மேலோட்டை உயர்த்தியிருக்கலாம் என்பது மற்றொரு விடை. முதல் விடையை ஏற்போர் அதனை அமிழ்வுக் கணக்கில் செலுத்தினால் மேலோட்டு எழுச்சி மறைந்துவிடும். இரண்டாவதை ஏற்போர் செலுத்தினால் கடல்மட்டச் சரிவு மறைந்துவிடும். கணக்கின் விடை முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டதாகிறது.

இவ்வட்டத்திலிருந்து வெளியேற வழி இல்லாமலில்லை. மேலோடு உயர்ந்திருந்தால் மேற்கிலிருந்த நிலம் அரிக்கப்பட்டிருக்கும். அபடைட்டுக் கனிமத்தின் பிளவுத்தடக் காலக்கணிப்பு அந்நிலம் குளிர்ந்த காலத்தைக் கடல்மட்டத்தைச் சாராமலே தரும். மணற்பாறையின் சிர்க்கான் மணிகளின் யுரேனியம்–ஈயம் வயது, வண்டல் எந்நிலப்பகுதியிலிருந்து வந்தது என்பதைத் தரும். கிருஷ்ணா–கோதாவரி, மகாநதி, இலங்கையின் மன்னார்ப் படுகை ஆகியவற்றில் அதே எல்லை தனித்து வயது கணிக்கப்பட்டால், உலக நிகழ்வையும் உள்ளூர் நிகழ்வையும் பிரித்தறியலாம். இவையும் பல்துறை ஆய்வுகளே. ஆனால் இங்கு ஒரு துறை மற்றதன் முடிவைக் கடன் வாங்குவதில்லை, அதனைச் சோதிக்கிறது.

5. விடுபட்ட மேலடுக்குகள்

மேற்கண்ட ஆய்வுகளின் பார்வை பெரும்பாலும் கிரெட்டேசியஸ் காலத்தோடு நின்றுவிடுகிறது. புதைபடிவச் செல்வமும் எண்ணெய்ப் பயனும் கீழடுக்குகளில் இருப்பது அதற்குக் காரணம். மேலுள்ள கடலூர் மணற்பாறையும் கழிமுக வண்டலும் நிலத்தடி நீர்த் துறைக்கு விடப்பட்டுள்ளன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரடுக்கு அழுத்தம் மிக்கது. அதனைத் தொடர்ந்து இறைத்தே சுரங்கம் இயங்குகிறது. அவ்வழுத்தத்துக்குரிய அடுக்கமைவு படுகை வரலாற்றின் ஒரு பகுதி. ஆயினும் படுகைத் தோற்றம் பற்றிய கட்டுரைகளில் அதற்கு இடமில்லை. நிலத்தடி நீர் அறிக்கைகளில் படுகை வரலாற்றுக்கு இடமில்லை.

இப்பிரிவினையின் விளைவு ஆய்வுலகோடு நிற்பதில்லை. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலை அது தடுக்கிறது. வேளாண்மையைக் காக்கும் நோக்கில் மாவட்ட, வட்டார எல்லைகளே கோடாயின. நிலத்தடியில் முகடுகளும் அகழிகளும் நீரடுக்குகளும் அக்கோடுகளை அறியமாட்டா. எந்த ஆழத்தில் நிகழும் செயல் எந்த நீரடுக்கைத் தொடும் என்னும் வினா உழவர்க்கும் அரசுக்கும் ஒருங்கே உரியது. அதற்கு விடை கூற எண்ணெய்த் துறையின் கிணற்றுப் பதிவும் நீரியலாரின் அளவீடும் ஒரே வரைபடத்தில் அமைய வேண்டும்.

சான்றுகளின் நிலையும் கவலைக்குரியது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பாறை வரிசைகளை வெளிப்படுத்துகின்றன. சுரங்கம் முன்னேறுகையில் அவ்வரிசைகள் அழிகின்றன. கைவிடப்பட்ட குழிகளில் நீர் நிரம்புகிறது. அளவெடுக்கப்படாத வரிசையை மீண்டும் காண இயலாது. மறுபுறம், ஆழ்துளைத் தரவுகள் நெடுங்காலம் நிறுவனங்களின் வைப்பிலேயே இருந்தன. 2017-இல் தொடங்கப்பட்ட தேசியத் தரவுக் களஞ்சியம் இந்நிலையை மாற்றக்கூடிய வாய்ப்பு. பல்கலைக்கழக ஆய்வுகள் அதனை நாடுவதைப் பொறுத்தே அவ்வாய்ப்பு பயன் தரும்.

6. முடிவுரை

காவிரிப் படிவுப் படுகை குறித்த ஆய்வுகள் தரவின் வளத்தில் குறைந்தவை அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான தொல்லுயிர்த் தொகுப்பும் அரை நூற்றாண்டுக்கு மேலான ஆழ்துளைப் பதிவும் ஒருங்கே அமைந்த படுகைகள் பல இல்லை. குறை, துறைகள் இணையும் முறையில் உள்ளது. மேற்பரப்பு, நிலத்தடிப் பெயர்த் தொகுதிகளை ஒரே கால அட்டவணையில் இணைத்தல். ஒவ்வொரு வயதும் நீராழமும் தம் பிழை எல்லையுடன் அடுத்த துறைக்குக் கையளிக்கப்படுதல். உலகக் கடல்மட்ட வரைபடத்தை வயது தரும் கருவியாகக் கொள்ளாமல் சோதிக்கப்படவேண்டிய கருதுகோளாகக் கொள்ளுதல். மேலடுக்குகளைப் படுகை வரலாற்றுக்குள் கொணர்தல் ஆகிய நான்கும் உடனடித் தேவைகள். பல துறைகளின் பெயர்கள் ஒரு கட்டுரையில் இடம்பெறுவதனால் அது பல்துறை ஆய்வாகிவிடாது. ஒரு துறையின் முடிவைப் பிறிதொரு துறை மறுப்பதற்கு இடமளிக்கும் ஆய்வே அப்பெயருக்கு உரியது.