தாக்குபவனும் தற்காப்பவனும்: ‘சார்பட்டா பரம்பரை’யில் நிகழாத ஒரு போட்டி

முன்னுரை

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021 சூலை மாதம் இணையவழி வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’, 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டைப் பண்பாட்டைக் களமாகக் கொண்ட திரைப்படமாகும். நெருக்கடி நிலைக் காலம், கட்சி அரசியல், சாதி ஆகியவற்றை அப்படம் கையாண்ட முறை பரவலாகப் பேசப்பட்டுள்ளது. ஆயின் அதன் சண்டைகளையே பனுவலாகக் கொண்டு வாசிக்கும் முயற்சி குறைவே. இடியாப்பப் பரம்பரையைச் சேர்ந்த வேம்புலியும் டான்சிங் ரோஸும் எதிரெதிரே நின்றால் வெல்பவர் யார் என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது. முன்னவன் வன்குத்தன், பின்னவன் தற்காப்பில் வல்லவன். வினா விளையாட்டாகத் தோன்றினும், வீரம் என்று நாம் எதனைக் கொள்கின்றோம் என்பதை அதன் விடை வெளிப்படுத்தும்.

சிங்கப்பூர்த் தமிழருக்கும் இக்களம் அயலானதன்று. லிட்டில் இந்தியாவை ஒட்டிய கிச்சனர் சாலைப் பகுதியில் 1923இல் தொடங்கிய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் மக்களை ஈர்த்தன. அவ்விடத்தில் 2009 முதல் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கின்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் போட்டியிட்ட சையது அப்துல் காதிர், 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூருக்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். அவர் போட்டியிட்டது 48 கிலோ எடைப்பிரிவாகும். உடற்பருமனை நம்ப வழியில்லாத அப்பிரிவில் காலும் கண்ணுமே முதன்மை பெறும் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

படம் நடத்தாத போட்டி

வேம்புலியும் ரோஸும் ஒரே பரம்பரையினர். ஆகவே கதைக்குள் அவர்கள் மோத வழியில்லை. வேம்புலியை எதிர்கொள்ளும் தகுதி தனக்கு உண்டெனக் காட்டக் கபிலன் கடக்க வேண்டிய வாயிலாகவே ரோஸ் நிறுத்தப்படுகின்றான். ஆயினும் அவ்வாயில்தான் படத்தின் மிகச் செறிவான பகுதி. தோளைக் குலுக்கி, காலை வழுக்கி, ஆடுவது போலவே ரோஸ் நகர்கின்றான். கபிலனின் குத்துகள் காற்றில் விழுகின்றன. தற்காப்பாளன் என்பவன் அடிக்காதவன் அல்லன். அடி படாத இடத்தில் நின்று அடிப்பவன். இவ்வுண்மையை வசனமின்றி உடலசைவாலேயே காட்டியது படத்தின் பெருஞ்சிறப்பு எனலாம்.

பின்னர்க் கபிலன் ரோஸை வீழ்த்துகின்றான். எதனால் வீழ்த்தினான் என்பது நுணுகி நோக்கத்தக்கது. அவன் கையின் வலிமை தொடக்கத்திலும் இருந்தது. அப்போது அது பயன்படவில்லை. எதிரியின் ஆட்டத்திலுள்ள தாளத்தைக் கண்டுகொண்ட பின்னரே அவ்வலிமை இலக்கை அடைந்தது. அஃதாவது, ரோஸை வென்றது வன்மையன்று, வன்மைக்கு வழிகாட்டிய பொறுமை. மேலும், வீழ்ச்சியுற்ற கபிலன் மீண்டெழுவது பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பெறும் பயிற்சியால். அங்கு முதலில் மீட்கப்படுவது கைகளைவிடக் கால்களே. ரோஸைத் தோற்கடித்த படம் அவனது கலையை நாயகனுக்கு உரிமையாக்குகின்றது. உரியவனுக்கோ அதன் மதிப்பை அளிக்காது கடந்து செல்கின்றது. இது படத்தின் குறை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தீர்ப்பின் இலக்கணம்

இனி, நிகழாத போட்டிக்கு வருவோம். வெற்றி எவ்வாறு கணிக்கப்படும் என்பதைப் பொறுத்தே விடை அமையும். இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டையில் தெளிவாக விழுந்த குத்து, பயனுள்ள முன்னேற்றம், களத்தைத் தன்வயப்படுத்தல், தற்காப்பு ஆகியவை நடுவர்களின் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. 2015 மே 2ஆம் நாள் லாஸ் வேகாஸில் முன்னேறித் தாக்கிய பாக்கியாவோவை விலகி நின்ற மேவெதர் வென்றார். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி அளித்தனர் (118–110, 116–112, 116–112). எனினும், பார்த்தோர் பலர் அப்போட்டி சுவையற்றது என்றனர். நடுவரின் இலக்கணமும் பார்ப்போரின் இலக்கணமும் வேறுவேறு என்பது இதனால் விளங்கும்.

தற்காப்பாளருக்குப் புள்ளிகளால் மட்டுமே வெற்றி கிட்டும் என்பதும் பிழை. 1974 அக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாசாவில், அக்காலத்தின் பெரும் வன்குத்தரான ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்தவாறு தாங்கி, அவரைக் களைப்புறச் செய்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார் முகம்மது அலி.

வேம்புலிக்கு வன்மை உண்டு. எதிரியைப் படிக்கும் பொறுமை அவனிடம் காணப்படவில்லை. ஆகவே சுற்றுகளை எண்ணித் தீர்ப்பு வழங்கும் களத்தில் ரோஸே வெல்வான். ஒருவன் தரையில் விழும்வரை கூட்டம் காத்திருக்கும் களத்தில், ரோஸின் ஒரே பிழை வேம்புலிக்குப் போதுமானது. படத்தின் தலையாய மோதல்கள் இரண்டாம் களத்தின் இலக்கணத்தையே பின்பற்றுகின்றன.

உழிஞையும் நொச்சியும்

நம் புறப்பொருள் மரபு இவ்வகையில் அகன்ற பார்வையுடையது. தொல்காப்பியர் அரணை முற்றுவோன் செயலையும் அகத்தோன் செயலையும் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அரண் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்கிற்று. தாக்குதலும் காத்தலும் ஒரே செயலின் இரு முனைகள் என்பது முதல் நோக்கு. காப்பவனுக்கும் சூடத் தனிப்பூ உண்டு என்பது இரண்டாவது. இரண்டுமே காப்பவனைப் புறந்தள்ளவில்லை.

சாத்தந்தையார் புறநானூற்று 80ஆம் பாடலில் ஆமூர் மல்லனுடன் பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடுகின்றார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்ற, மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகில் வளைந்தது என அங்குக் காண்கிறோம். ஒரே உடலில் தாக்குதலும் தற்காப்பும் ஒருங்கே நிகழ்வதைப் புலவரின் கண் பிடித்துள்ளது.

நொச்சித்திணையில் வகுக்கப்பட்ட 109ஆம் பாடல் இன்னும் பொருத்தமானது. படத்தின் நாயகன் பெயர் தாங்கிய கபிலரே அதன் ஆசிரியர். பறம்பு மலையை முற்றிய மூவேந்தரை நோக்கி, படையால் இதனைக் கொள்ள இயலாது, ஆடியும் பாடியும் சென்றால் பாரி தருவான் என்கின்றார். வன்மை தோற்கும் இடத்தில் ஆடல் வெல்லும் என்னும் இக்கூற்று, ஆடுவதாலேயே பெயர் பெற்ற ரோஸைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், யார் வெல்வர் என்னும் வினாவிற்குள் எதனை வெற்றி என்கின்றோம் என்னும் வினா மறைந்திருப்பது தெளிவாகும். படத்தில் தோற்ற ரோஸைப் பார்வையாளர்கள் நாயகனுக்கு நிகராகக் கொண்டாடினர். படம் தராத தீர்ப்பை அவர்கள் தந்தனர் எனலாம்.

வகுப்பறையில் புறத்திணைகளைப் பூவும் செயலுமாக மனனம் செய்விக்கும்போது, நொச்சி பெரும்பாலும் உழிஞையின் மறுதலையாக ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. மதிலுக்குள் நிற்பவனின் அறிவு, பொறுமை, காலக்கணிப்பு ஆகியவற்றை மாணவர்கள் தனியே எண்ணிப் பார்க்க வாய்ப்பளித்தல் வேண்டும். அவர்கள் அறிந்த இத்திரைப்படம் அதற்கு நல்ல வாயில். ரோஸின் முதற்சுற்றைக் காட்டி, இவன் செய்வது எத்திணை என்று ஆசிரியர் கேட்கலாம்.